முழுக்கட்டை ரைபிள், குழலில் "172,28" என்று பொறிப்பு: இது என்ன?

மரக்குழல் (லின்ஸ், ஆஸ்திரியா), திங்கள் இரவு 9.40

வணக்கம். மூன்று ஆண்டுகளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இன்றுதான் முதல் பதிவு. சென்ற மாதம், பக்கத்து ஊரில் காலமான ஒரு முதிய வேட்டைக்காரரின் வீட்டாரிடமிருந்து ஒரு ரைபிள் வாங்கினேன். பதிவு வேலைகள் முறைப்படி முடிந்துவிட்டன. கட்டை குழலின் முனை வரை ஓடுகிறது. பார்த்த மாத்திரத்தில் மனத்தைப் பறிகொடுத்தேன் என்பதை மறைக்கவில்லை. விசைக்காப்பில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிட்டு "மான்லிக்கர் 1908" என்று எழுதியிருந்தார்கள்.

படங்களை இணைத்திருக்கிறேன். பார்த்தவை இவை. குழல் 50 செ.மீ. சொச்சம். குழலின் மேல் எர்ஃபுர்ட் நகரத்துக் கடை ஒன்றின் பெயர். குழலின் அடியில், இடப்பக்கம், கிரீடத்தின் கீழ் பி, ஜி, யு என்று மூன்று முத்திரைகள். பக்கத்தில் 172,28 என்ற எண். அதையொட்டி 2,67 என்று தொடங்கும் ஒரு வரி, பாதிக்கு மேல் கட்டைக்குள் மறைந்திருக்கிறது. கட்டையின் முனையில் கொம்பு மூடி. இரண்டு விசைகள்.

வீட்டார் இரண்டு பெட்டித் தோட்டாவும் சும்மா கொடுத்தார்கள்: 8×57 ஐஎஸ். சனிக்கிழமை சுடுதளத்துக்குக் கொண்டுபோகிறேன். அதற்குள் 172,28 என்ன என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பழைய இரும்பு (பெர்ன்), திங்கள் இரவு 9.52

சனிக்கிழமை சுடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

மரக்குழல், திங்கள் இரவு 9.55

ஐயா, பயமுறுத்துகிறீர்களே. என்ன காரணம்?

பழைய இரும்பு, திங்கள் இரவு 11.20

சாப்பிட்டுவிட்டு வந்தேன். இப்போது விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெயர். உங்கள் படத்தில் போல்ட்டின் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளைத் தண்டின்) வலப்பக்கம் முழுநீளத்துக்கு ஒரு எஃகுப் பட்டை படுத்திருக்கிறது. தோட்டாவின் பின்விளிம்பைக் கவ்வி இழுக்கும் பிடி அது. மேகசினின் (தோட்டாக்கள் நிற்கும் பெட்டியின்) அடித்தட்டு தட்டையாக, கீல் வைத்துத் திறக்கிறது. போல்ட்டின் கைப்பிடி, ரிசீவரின் (போல்ட் ஓடும் எஃகு உடலின்) பின்பாலத்துக்குப் பின்னால் இறங்குகிறது. இது ஜெர்மானிய மவுசர் ஆலையின் 1898 மாதிரி, மவுசர் 98 இயக்கம். ஆஸ்திரியத் துப்பாக்கி வடிவமைப்பாளர் மான்லிக்கர் இந்த ரைபிளை எட்டிப் பார்த்ததுகூட இல்லை. முழுக்கட்டை என்றாலே மான்லிக்கர் என்று சொல்லும் வழக்கம் ஒன்று உண்டு, அதிலும் ஆங்கிலம் பேசும் நாடுகளில் அதிகம். ஜெர்மன் பேசுபவர்கள் இத்தகைய குட்டை ரைபிளை ஸ்டுட்ஸன் என்பார்கள். முனை வரை கட்டை போடும் பழக்கம் மான்லிக்கர் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 18-ஆம் நூற்றாண்டு யேகர் (வேட்டைக்காரர்) துப்பாக்கிகளிலேயே இருந்தது. கட்டை ஒரு உடுப்பு. உடுப்பைப் பார்த்து ஆளின் குலம் சொல்லக் கூடாது.

இரண்டாவது, 172,28. இதை ஏதோ ரகசியக் குறியீடு என்றும் வரிசை எண் என்றும் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இது துளையின் அளவு. 12 போர் என்கிறோமே, ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை செய்தால் ஒரு உருண்டைக்கு இருக்கும் விட்டம், அதே கணக்குதான். ஒரு பவுண்டில் 172.28 உருண்டை என்றால் விட்டம் 7.62 மி.மீ. துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்த வேண்டும் என்ற 1891-ஆம் ஆண்டு ஜெர்மன் சோதனைச் சட்டம் 1893-இல் நடைமுறைக்கு வந்தது. சோதனைச் சாலையில் குழலுக்குள் அளவுகோல்களை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்ப்பார்கள். கடைசியாக நுழைந்த கோலின் எண்ணைப் பொறிப்பார்கள். எட்டு மில்லிமீட்டர் ரைபிளில், புரிகளின் (குழலுக்குள் சுழல வெட்டிய வரிகளின்) மேடுகளுக்கு இடையே சுமார் 7.80 மி.மீ. இருக்கும். 7.62 கோல் நுழையும், அடுத்தது நுழையாது. ஆகையால் 172,28. 1911–12 வாக்கில் இந்தப் பவுண்டுக் கணக்கை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் பொறிக்கத் தொடங்கினார்கள். அப்படியானால் உங்கள் ரைபிள் 1898-க்கும் 1912-க்கும் இடையில் பிறந்தது.

கிரீட முத்திரைகளில் பி சோதனைச் சூடு, யு பார்வையிட்டது, ஜி புரி வெட்டிய குழல். மறைந்திருக்கும் 2,67 என்பது கிராம் கணக்கில் மருந்து. அந்த வரியின் முடிவு ஜி.பி.பி. என்றும், அடுத்து எஃகு உறைக் குண்டு என்பதன் சுருக்கமும் இருக்க வேண்டும். அது அந்தக் காலத்து ராணுவச் செதில் மருந்து. இன்றைய மருந்தை 2.67 கிராம் நிறுத்துப் போட்டுத் தோட்டா நிரப்பலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

இப்போது சனிக்கிழமை. 1888-இல் வந்த ஜெர்மன் ராணுவத் தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 8.09 மி.மீ. 1905-இல் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது விட்டத்தை 8.22 ஆக்கினார்கள். தோட்டாக் கூடு அதே 57 மி.மீ.தான். பழையது ஐ, புதியது ஐஎஸ். ராணுவம் மாறியது, வேட்டை ரைபிள் செய்தவர்களில் பலர் பழைய துளையையே பல பத்தாண்டுகள் வைத்துக்கொண்டிருந்தார்கள். வித்தியாசம் 0.13 மி.மீ., நாம் எழுதும் தாளைவிடச் சற்றுத் தடிமன். ஆனால் அந்தத் தாள் தடிமனுக்கு எஃகு உறைக் குண்டைப் பிதுக்கித் தள்ளும்போது, தோட்டா உட்காரும் அறைக்குள் அழுத்தம் எங்கே போகும் என்று யோசியுங்கள். உங்கள் கண் போல்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

மரக்குழல், செவ்வாய் காலை 6.15

படித்துவிட்டு இரவு சரியாகத் தூக்கம் இல்லை. இரண்டு பெட்டிகளையும் அலமாரியின் வேறு தட்டுக்கு மாற்றிவிட்டேன். ஒரு சந்தேகம்: சிலர் ஐ என்கிறார்கள், சிலர் ஜே என்கிறார்கள். இரண்டும் வேறா?

பழைய இரும்பு, செவ்வாய் காலை 7.02

ஒன்றுதான். இன்பான்டெரி, அதாவது காலாட்படை என்ற சொல்லின் முதலெழுத்து. பழைய ஜெர்மன் அச்செழுத்தில் பெரிய ஐ-க்கும் ஜே-க்கும் ஒரே உருவம். வெளியூர்க்காரர்கள் ஜே என்று படித்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

வாசன் (டொராண்டோ), செவ்வாய் மாலை 5.30

இழை எர்ஃபுர்ட்டிலேயே நிற்கிறது. உண்மையான மான்லிக்கரை யாராவது காட்ட வேண்டாமா? என்னிடம் மான்லிக்கர்-ஷோனாவர் 1903 ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியாவின் ஸ்டைர் நகரத்து ஆலையில் செய்தது, 6.5×54, குழல் 45 செ.மீ. இதே ஆண்டின் ராணுவ வடிவத்தைத்தான் கிரேக்கப் படை எடுத்துக்கொண்டது.

மரக்குழல் தம்பி, அடுத்த முறை யாராவது மான்லிக்கர் என்று காட்டினால் கட்டையைப் பார்க்காதீர்கள். போல்ட்டைப் பின்னால் இழுங்கள். ரிசீவரின் பின்பாலம் நடுவே பிளந்திருக்கும். கைப்பிடி அந்தப் பிளவு வழியாக வழுக்கிக்கொண்டு வரும். கைப்பிடியும் வெண்ணெய் தடவும் கத்தி போலத் தட்டையாக, கட்டையோடு ஒட்டிப் படுத்திருக்கும். பிறகு உள்ளே குனிந்து பாருங்கள். தோட்டாக்கள் அடுக்கி நிற்காது. ஒரு உருளை சுழலும், அதன் பள்ளங்களில் ஒவ்வொரு தோட்டாவாக உட்கார்ந்துகொண்டே போகும். அதுதான் ஷோனாவர் என்ற வடிவமைப்பாளரின் வேலை. ஐந்து போட்டதும் நிறைந்துவிடும். சுடாமல் வெளியே எடுக்க வேண்டும் என்றால் வலப்பக்கச் சுவரில் ஒரு சின்னப் பொத்தான். அழுத்தினால் ஐந்தும் உள்ளங்கையில் வந்து விழும். அடித்தட்டில் ஒரு குழி. குண்டின் முனையை அதில் வைத்து அழுத்தித் தட்டைத் திருப்பினால் மேகசின் முழுவதும் கையோடு வந்துவிடும். குழலை மேல்நோக்கிச் சாய்த்தால் போல்ட் தானாகவே பின்னால் சரியும். இதை விருந்தாளிகளுக்குக் காட்டிக் காட்டி என் மனைவிக்குச் சலித்துவிட்டது.

மாதிரி 1905 என்றால் தோட்டா 9×56, 1908 என்றால் 8×56, 1910 என்றால் 9.5×57. ரிசீவரில் பொறித்திருப்பது மாதிரியின் ஆண்டு, செய்த ஆண்டு அன்று. 1908 என்று பொறித்த ரைபிள் 1920-களில் செய்ததாகவும் இருக்கலாம். விற்பவர்கள் இதைத் தெரிந்தே குழப்புவது உண்டு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் உருளையைத் தனியாகச் செய்தார்கள், அதனால் இவற்றை வேறு தோட்டாவுக்கு மாற்றுவது பெருந்தொல்லை. பெயர்களும் கண்ணி வைக்கும்: 6.5×54 மவுசர் என்று வேறொரு தோட்டா இருக்கிறது; 8×56-க்குப் பக்கத்திலேயே விளிம்புள்ள 8×56 ஆர் இருக்கிறது. எண் ஒன்று, தோட்டா வேறு.

என் 6.5-க்கு உரிய குண்டு 10.3 கிராம், பென்சில் போல நீளம், முனை உருண்டை. கரமோஜோ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் இந்த வகைச் சிறு துளை ரைபிள்களைக் கொண்டு யானைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அத்தனை மெல்லிய குண்டு அத்தனை ஆழம் போகும் என்பதற்காகச் சொன்னேன்.

கோவை ராஜா, செவ்வாய் இரவு 8.10

அண்ணா, இப்படி ஒன்றை இங்கே வாங்கி வைக்க முடியுமா?

வாசன், செவ்வாய் இரவு 8.25

உரிமம் இல்லாமல் முடியாது தம்பி. இந்திய ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு பொதுவாக ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சேகரிப்பு என்ற ஆசையே அங்கே முடிந்துவிடும். படங்களைச் சேருங்கள், செலவும் குறைவு.

மரக்குழல், வியாழன் இரவு 10.05

துப்பாக்கிக் கம்மியரிடம் போய் வந்தேன். எழுபது வயதுக்காரர். நான் 172,28 என்று தொடங்கியதுமே சிரித்துவிட்டார்.

தூண்டில் ஈயம் ஒன்றை எடுத்தார், எண்ணெய் தடவினார், குழல் முனையில் வைத்து மரச்சுத்தியால் தட்டி உள்ளே இறக்கினார், பித்தளைக் கோலால் மெதுவாக மறுபக்கம் தள்ளினார். வெளியே வந்த ஈயத்தில் நான்கு புரியும் வரி வரியாகப் பதிந்திருந்தன. மைக்ரோமீட்டரில் 8.08. இரண்டாவது முறையும் 8.08. பிறகு அறைக்குள் செரோசேஃப் என்ற உலோகத்தை ஊற்றினார். வெந்நீர்ச் சூட்டிலேயே உருகிவிடுகிறது! உறைந்ததும் முதலில் கொஞ்சம் சுருங்கும், பிறகு விரியும், ஒரு மணி நேரம் கழித்து அளந்தால்தான் அறையின் சரியான அளவு என்றார். அதுவரை காபி குடித்தோம். கூடு 57 மி.மீ.தான்.

ஆக 8×57 ஐ. இரும்பு ஐயாவுக்கு நான் ஒரு கண் கடன்பட்டிருக்கிறேன்.

இன்னொன்று. நீலப்பூச்சு பல இடங்களில் போய்விட்டது. மெருகிட்டுப் புதிதாகப் பூசலாமா?

பழைய இரும்பு, வியாழன் இரவு 10.11

கூடாது, கூடாது, கூடாது. மெருகுச் சக்கரம் முதலில் தின்பது முத்திரைகளைத்தான். 172,28 இல்லாமல் போயிருந்தால் சனிக்கிழமை என்ன செய்திருப்பீர்கள்? துரு இருக்கும் இடத்தில் எண்ணெயும் செப்புக்காசும் போதும்.

ரைபிளைப் பற்றி என் முடிவு: மவுசர் ஆலை ஒபர்ன்டார்ஃபில் எம் மாதிரி என்று முழுக்கட்டை ரைபிளை விற்றது, குழல் 50 செ.மீ., முனையில் எஃகு மூடி, தட்டைக் கைப்பிடி. உங்களுடையதில் கொம்பு மூடியும் உருண்டைக் கைப்பிடியும் இருக்கின்றன, ஆலையின் பெயரும் இல்லை. ஆகவே மவுசர் இயக்கத்தை விலைக்கு வாங்கி துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ஜெர்மன் ஊர் ஸூல் பக்கத்துப் பட்டறை ஒன்று கட்டியது, எர்ஃபுர்ட் கடைக்காரர் தன் பெயரைப் போட்டு விற்றிருக்கிறார். அந்த ஊர்களில் அதுதான் அன்றாட வியாபாரம். முழுக்கட்டையாகவே பிறந்த ஸ்டுட்ஸன். நல்ல பொருள்.

தச்சன் மகன் (நாகர்கோவில்), வெள்ளி காலை 5.50

துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. பழைய மரச்சாமான் பகுதியில் எழுதுபவன், இந்த இழை கண்ணில் பட்டது. மரத்தை நாற்பது ஆண்டுகளாகத் தொடுகிறேன். ஒன்று கேட்கலாமா?

மூன்றாவது படத்தில், 2,67 என்ற வரியைக் கட்டை வெட்டி மறைக்கிறது. எழுத்தின் மேல்பாதி வெளியே, கீழ்பாதி மரத்துக்குள். சில முத்திரைகள் முழுவதும் உள்ளே, சில முழுவதும் வெளியே என்றால் சரி. ஒரே வரியின் குறுக்கே மரம் போவது என்றால், முத்திரை குத்தியவர் பார்த்தபோது இந்த மரம் இங்கே இல்லை.

பழைய இரும்பு, வெள்ளி காலை 8.30

ஐயா, சோதனைச் சூட்டுக்குக் குழல் கட்டையில்லாமலும் போகும். அதை வைத்துச் சாதகம் கணிக்க முடியாது.

தச்சன் மகன், வெள்ளி காலை 9.15

அப்படியானால் அதை விட்டுவிடுகிறேன். பிடிப் பகுதியில் வெட்டிய சதுரக் கோடுகளின் ஓரம் இன்னும் விரலில் குத்தும் போலக் கூர்மையாக இருக்கிறது. நூறு ஆண்டு கை பட்ட இடம் அப்படி இராது. கட்டையைக் கழற்றி, குழல் உட்காரும் பள்ளத்தை ஒரு படம் எடுத்துப் போடச் சொல்லுங்கள். எண்ணெய் குடித்த பழைய வால்நட் உள்ளே கருத்திருக்கும். வெளியே சாயம் பூசலாம், உள்ளே யாரும் பூசுவதில்லை.

வாசன், வெள்ளி காலை 9.20

இந்த இழைக்காக இன்று அலுவலகத்தில் வேலை நடக்கப்போவதில்லை.

மரக்குழல், சனி மதியம் 1.30

சுடுதளத்துக்குப் போகவில்லை. சமையலறை மேசையில் போர்வை விரித்துக் கழற்றினேன். முனை மூடியில் ஒரு திருகு, அடியில் இரண்டு. கட்டை எளிதில் விடவில்லை. நடுவில் கொஞ்சம் வளைந்து குழலை இறுகப் பிடித்திருந்தது.

தச்சர் ஐயா சொன்னதுதான். பள்ளம் வெளிறிய தேன் நிறத்தில் இருக்கிறது. வெளிப்பக்கத்தோடு வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு மரம் போலத் தோன்றுகிறது.

அதைவிடப் பெரிது குழலில் இருக்கிறது. அடிப்பக்கம், ரிசீவரிலிருந்து 31 செ.மீ. தள்ளி, படகு வடிவில் ஒரு வெள்ளைத் தழும்பு, விரல் நீளம். அரத்தால் தேய்த்திருக்கிறார்கள், ஓரங்களில் ஈயப்பற்று இன்னும் மினுங்குகிறது. முனையில், குறிபார்க்கும் முன்காட்சியைத் தாங்கும் வளையத்தின் நீலம் குழலின் நீலத்தைவிடப் புதியது. படங்களை இணைத்திருக்கிறேன். இது என்ன தழும்பு?

பழைய இரும்பு, சனி மதியம் 2.05

தோள்வார் வளையத்தின் அடித்தளம் பற்றவைத்திருந்த இடம்.

அரைக்கட்டை ரைபிள்களில் கட்டை பாதியிலேயே முடிந்துவிடும். வார் வளையத்தைக் குழலிலேயே பற்றவைப்பார்கள். முழுக்கட்டையில் அது மரத்துக்குப் போய்விடும். அப்படியானால் இது அரைக்கட்டையாகப் பிறந்தது, குழல் பெரும்பாலும் 60 செ.மீ. இருந்திருக்கும். பின்னால் யாரோ முனையை வெட்டி, வளையத்தை உருக்கி எடுத்து, முன்காட்சியை மீண்டும் வைத்து, புதுக்கட்டை போட்டிருக்கிறார். ஏன் என்றும் ஊகிக்கலாம். அந்தக் காலத்துத் தோட்டாவின் தீமூட்டி மருந்து சுட்டபின் குழலுக்குள் உப்பை விட்டுப்போகும். அன்றே கழுவாவிட்டால் துரு. எஃகுக் கோலை முனைப்பக்கமிருந்து விட்டுத் துடைத்துத் துடைத்து முனையின் புரிகள் தேய்ந்திருக்கும். கெட்ட பத்து செ.மீ.யை வெட்டியெறிந்தால் குழல் பிழைக்கும். மலையேறும் ஆளுக்குக் குட்டை ரைபிள் வசதியும்கூட.

நேற்று முன்தினம் "முழுக்கட்டையாகவே பிறந்தது" என்று எழுதினேன். அதை வாபஸ் வாங்குகிறேன். உடுப்பைப் பார்த்துக் குலம் சொல்லாதே என்று இவருக்கு உபதேசம் செய்துவிட்டு மூன்று நாளில் நானே சொல்லியிருக்கிறேன். தச்சர் ஐயா, மன்னிக்கவும்.

தச்சன் மகன், சனி மாலை 4.40

மன்னிப்பெல்லாம் எதற்கு. தழும்பு உங்களுக்குத்தான் தெரிந்தது, எனக்கு அது என்னவென்றே தெரியாது. கட்டை செய்தவர் நல்ல கைக்காரர், அதையும் சொல்ல வேண்டும். பிடியில் மரத்தின் ரேகை வளைவோடு சேர்ந்தே போகிறது, குறுக்கே வெட்டவில்லை. ரேகை குறுக்கே போயிருந்தால் உதைப்பில் அங்கேதான் விரியும்.

வாசன், சனி மாலை 6.00

தம்பிக்கு மனக்கஷ்டம் இருக்கும். சேகரிப்பவர் கணக்கில் விலை இறங்கிவிட்டது உண்மை. வீட்டார் ஏமாற்றினார்கள் என்று தோன்றவில்லை; பெரியவர் சொன்னதை அட்டையில் எழுதியிருப்பார்கள்.

மரக்குழல், சனி இரவு 9.10

முதல் ஒரு மணி நேரம் இருந்தது. பிறகு கம்மியருக்குப் படத்தை அனுப்பினேன். போருக்குப் பின் இந்த மாதிரி வேலை தன் தகப்பனார் பட்டறையில் நிறைய நடந்தது என்று பதில் எழுதினார். இது அவர் செய்ததா என்று கேட்டேன். "அப்பா கொம்பு மூடிக்கு இரண்டு திருகு போடுவார்" என்றார். அவ்வளவுதான்.

விற்கப்போவதில்லை. திரும்பப் பூட்ட வேண்டும். வளைந்த கட்டையை என்ன செய்வது?

தச்சன் மகன், ஞாயிறு காலை 5.30

சூடு காட்டி நிமிர்த்தாதீர்கள். அடுப்பு இல்லாத அறையில் பத்து நாள் கிடத்தி வையுங்கள், மரம் தானாக அமைதியாகும். பிறகு குழலில் புகைக்கரி தடவி உட்கார்த்தி எடுங்கள். எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். பின்பாதியைத் தொடாதீர்கள்.

பழைய இரும்பு, ஞாயிறு காலை 9.00

ஆமாம். முன்பாதியில், குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் தடையில்லாமல் ஓட வேண்டும். முழுக்கட்டையின் வியாதியே அதுதான்: மழை நாளில் மரம் ஊதிக் குழலைத் தள்ளும், குறி நகரும். அடியில் முன்திருகை முதலில் இறுக்குங்கள், பின்திருகை அடுத்து. முனை மூடியின் திருகு விரல் இறுக்கத்துக்கு மேல் வேண்டாம்.

மரக்குழல், நான்கு வாரம் கழித்து, ஞாயிறு மாலை 7.20

கம்மியர் 8.09 குண்டு தேடிப் பிடித்து, மிதமான மருந்தில் இருபது தோட்டா நிரப்பித் தந்தார். பின்விசையை இழுத்தால் ஒரு சொடுக்கு. அதன் பிறகு முன்விசை மூச்சுப் பட்டாலே விடுகிறது. முதல் தோட்டா நான் முடிவுசெய்வதற்கு முன்பே போய்விட்டது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்த ஐந்து, 100 மீட்டர், திறந்த காட்சி. நான்கு என் உள்ளங்கைக்குள் அடங்கின. ஐந்தாவது வலப்பக்கம் தள்ளிப் போனது. குழல் அப்போது நல்ல சூடு.

தச்சன் மகன், ஞாயிறு இரவு 8.05

வலப்பக்கம் எவ்வளவு? முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே தாளை விட்டுப் பாருங்கள், இடப்பக்கம் எங்கேயாவது பிடிக்கும்.

மரக்குழல், ஞாயிறு இரவு 8.40

பிடிக்கிறது.